பூசை முடிந்து வைத்த முதல் லோடு

ஒரகடம் பக்கம் வேலைக்கு வந்த தெக்கத்திப் பிள்ளைகளிடம் என்ன கம்பெனி என்று கேட்டால் ஒருத்தன் கார் என்பான், டயர் என்பான், செல்போன் என்பான். ஒரு வார்த்தையில் சோலி முடிந்துவிடும். வேல்ராஜுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. டாம்பர் கம்பெனி என்று சொன்னால் காருக்கா பைக்குக்கா என்று கேட்பார்கள். கட்டடத்துக்கு என்றால் சிரிப்பார்கள். ஓட்டப்பிடாரம் பக்கத்துச் சொந்த ஊரில் ஒரு கல்யாணப் பந்தியில், சாம்பார் வாளியோடு நின்ற மைத்துனன் முறைக்காரன் ஒருத்தன், "நம்ம பக்கம் பூமி எப்ப மாப்ள குலுங்கிச்சு? நீ வடக்க போயி எதையோ செஞ்சுக்கிட்டு அலையுத" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டான். அதோடு வேல்ராஜ் விளக்கம் சொல்வதை விட்டுவிட்டான்.

விளக்கம் ஒன்றும் பெரிய கம்பசூத்திரம் இல்லை. பூகம்பம் வருகிற மலைநாட்டுப் பக்கம், பெரிய கட்டடங்களின் தூண்களுக்கு நடுவில், பைக் ஷாக் அப்சார்பரை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கினது போல ஒன்றைக் குறுக்காக மாட்டுவார்கள். கட்டடம் ஆடினால் அது ஆட்டத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்குள் வெறும் இரும்பை வைத்தால் ஆட்டத்தை வாங்கும், ஆனால் வளைந்தது வளைந்ததுதான். கட்டடமும் கோணிக்கொண்டு நிற்கும். இவர்கள் வைப்பது நிக்கலும் டைட்டானியமும் கலந்த, கட்டைவிரல் கனக் கம்பி. இழுத்தால் நீளும், விட்டால் பழைய அளவுக்கே வந்துவிடும். கட்டடத்தையும் இழுத்து நேரே நிறுத்தும். ஆபீசில் அதற்கு ஸ்மார்ட் மெட்டல் என்று பெயர். லைனில் ஞாபகக் கம்பி.

கம்பிக்கு அந்த ஞாபகம் சும்மா வராது. மின்சார உலையில் நானூறு டிகிரியில் அரை மணி நேரம் வேக வேண்டும், எடுத்த கையோடு தண்ணீரில் முக்க வேண்டும். சூடு கூடிப்போனால் பார்வைக்குக் கம்பி கம்பியாகத்தான் இருக்கும். இழுத்தால் நீளும், திரும்பி வராது. அந்த உலைக்கு வேல்ராஜ்தான் ஆபரேட்டர். நாலு வருஷமாகக் கான்ட்ராக்ட்.

மாத்தூரில் பாண்டுரங்கன் வீட்டுக்குப் பின்னால் வரிசையாகக் கட்டின ஐந்து ரூம்களில் கடைசி ரூம் அவனுடையது. பாண்டுரங்கன் நிலத்தையெல்லாம் கம்பெனிகளுக்குக் கொடுத்துவிட்டு, அதே நிலத்தில் நிற்கிற ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாக உட்கார்ந்திருக்கிறார். வேல்ராஜின் பெண்டாட்டி இசக்கிசெல்வி ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் செல்போன் கம்பெனியில் லைன் வேலை. இவன் காலை ஷிப்ட் முடிந்து வரும்போது அவள் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருப்பாள். அவள் எழுந்து சமைத்து, இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டு, நாலு வார்த்தை பேசுவதற்குள் அவளுக்கு பஸ் வந்துவிடும். அடுத்த வாரம் எல்லாம் தலைகீழாக மாறும். இந்த லட்சணத்தில் பிள்ளையை எங்கே வைத்துக்கொள்வது? நாலு வயசு கனிஷ்காவை ஒன்றரை வயசிலேயே ஊரில் இசக்கிசெல்வியின் அக்கா தங்கமாரியிடம் விட்டிருந்தார்கள்.

தீபாவளிக்கு முன்னால் பெர்மனன்ட் லிஸ்ட் வருகிறது என்று பேச்சு. பெர்மனன்ட் ஆனால் வேல்ராஜுக்கு ஜெனரல் ஷிப்ட், காலை எட்டரை முதல் மாலை ஐந்து. அப்புறம் சாயங்காலம் வீட்டில் ஒரு ஆள் இருக்கும். பகலில் பார்த்துக்கொள்ள, வீட்டுக்காரம்மா, பாண்டுரங்கனின் மனைவி முனியம்மாள் ஒப்புக்கொண்டிருந்தாள். தீபாவளிக்கு ஊருக்குப் போய்த் திரும்பும்போது கனிஷ்காவையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுவது என்று முடிவு. இசக்கிசெல்வி ஒரு சின்னச் செருப்பு வாங்கி, டப்பாவோடு பரண்மேல் வைத்துவிட்டாள். இந்தச் சமயம் பார்த்துத்தான் ஆயுத பூசை வந்தது.

பூசைக்கு உலையைத் துடைக்கிற வேலையை வேல்ராஜ் யாரிடமும் விடமாட்டான். ஊரில் அரிவாள் பிடியைக்கூட எண்ணெய் போட்டுத் துடைத்துப் பொட்டு வைக்கிற ஆட்கள். சோறு போடுகிற உலையைச் சும்மா விடுவானா. கதவு, கூடை, ஸ்விட்ச் பெட்டி என்று ஒன்று விடாமல் எண்ணெய் தடவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தான். உலையின் பின்சுவர் வழியாக உள்ளே நீண்டிருக்கும் தெர்மோகப்பிள் குச்சி ஒன்று உண்டு. உள்ளே எவ்வளவு சூடு என்று அதுதான் அளந்து சொல்லும். அது சொல்வதைக் கேட்டுத்தான் உலை எரியும், நிற்கும். இந்த வருஷம் அவனுக்கு அதன்மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. உருவி எடுத்துக் கரியைத் துடைத்து, தலையில் சந்தனம் அப்பி, திரும்பச் செருகினான். முழுசாகப் போகவில்லை. குச்சியில் மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு உண்டு; அதுவரை உள்ளே போக வேண்டும். பூசணிக்காய் உடைக்கக் கூப்பிட்டார்கள், அவன் கோட்டைப் பார்க்காமல் போய்விட்டான்.

புதன்கிழமை பூசை, வியாழக்கிழமை லீவு. வெள்ளிக்கிழமை காலையில் அறுபத்துநாலு கம்பிகளை நாலு தட்டுகளில் அடுக்கி முதல் லோடு வைத்தான். குச்சியின் நுனி உலைக்குள் இல்லாமல் செங்கல் சுவருக்குள் நின்றது. சுவர் நானூறு ஆகிறவரை உள்ளே எவ்வளவு ஏறியதோ. எப்போதும் வெல்லப்பாகு நிறத்தில் வருகிற கம்பிகளில் நடுத்தட்டுக் கம்பிகள் மட்டும் கத்திரிப்பூ நிறத்தில் வந்தன. பூசைக்குத் தடவின எண்ணெய் எரிந்த நிறமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது. சனிக்கிழமை பாலிஷ் போட்டார்கள், எல்லாக் கம்பியும் ஒரே மாதிரி மின்னியது. சாம்பிள் கம்பி டெஸ்டில் பாஸ் ஆயிற்று.

திங்கட்கிழமை அடுத்த லோடுக்கு உலை ஏறிக்கொண்டிருந்தபோதுதான் பின்பக்கம் போனான். மஞ்சள் கோடு நாலு விரற்கடை வெளியே நின்றது, காய்ந்த சந்தனத்தோடு. விரலால் உள்ளே தள்ளினான். முந்நூறு என்று காட்டிக்கொண்டிருந்த டிஸ்பிளே மளமளவென்று ஏறி நானூற்று முப்பதைத் தாண்டியது. அவன் யாரையும் கூப்பிடவில்லை. சந்தனத்தைச் சுரண்டிப் போட்டுவிட்டு, உலையை ஆறவிட்டுத் திரும்ப ஓட்டினான். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இசக்கிசெல்வி உளுந்தஞ்சோறு பொங்கி எள்ளுத் துவையல் அரைத்திருந்தாள். அவனுக்குப் பிடித்தது. வெளியே மழை பிடித்திருந்தது. கதவுக்குக் கீழே சாக்கைச் சுருட்டி வைத்திருந்தார்கள்.

"ஏங்க, ரெண்டு நாளா சோத்தப் பெசஞ்சுக்கிட்டே இருக்கிய. தொவையல்ல உப்பு கூடிப்போச்சா?"

"அதெல்லாம் இல்ல."

"பெறகு என்னன்னு வாயத் தொறந்து சொன்னாத்தான தெரியும்? நா செத்த நேரத்துல பஸ்ஸுக்குப் போவணும்."

அவன் சொன்னான். குச்சி, கோடு, கத்திரிப்பூ நிறம், எல்லாவற்றையும். அவள் கையில் எடுத்த உருண்டையை வாயில் போடாமல் கேட்டாள்.

"டெஸ்ட் பண்ணுனாங்கன்னு சொன்னியள்லா?"

"பண்ணுனாங்க. பாஸு."

"பாஸுன்னா பெறகு என்ன?"

"சாம்பிளக் கதவுப் பக்கம் கொக்கியில தொங்கவிட்டிருந்தேன். அங்க சூடு கம்மி. அது பாஸாத்தான் செய்யும். நடுத்தட்டுல உள்ளதுதான் வெந்து போச்சு."

"சாம்பிள எதுக்கு அங்க கொண்டு தொங்கவிட்டிய?"

"எல்லாரும் அங்கனதாம்ட்டி விடுவோம். நடுவுல வச்சா முழங்கை வரைக்கும் உள்ள விட்டு எடுக்கணும். கையி அவிஞ்சுரும். பேப்பர்ல நடுவுலன்னுதான் போட்டிருக்கு. யாரு பாக்கா?"

இசக்கிசெல்வி உருண்டையைத் தட்டிலேயே வைத்தாள். "அந்தக் கம்பி எங்க இருக்கு இப்ப?"

"பொட்டியில. வெள்ளிக்கெழம லாரி ஏறுது. வடக்க எங்கயோ மலையில ஒரு ஆசுபத்திரி."

"அங்க பூகம்பம் என்னைக்கி வரும்?"

"அது யாருக்குத் தெரியும்? நாளைக்கு வந்தாலும் வரும். நூறு வருசம் வராமலும் கெடக்கும்."

"நூறு வருசம் கழிச்சு வாரதுக்காவ எம்பிள்ள இப்ப வராண்டாமா?"

மழைத் தண்ணீர் சாக்கைத் தாண்டி ஒரு விரல் அளவு உள்ளே வந்திருந்தது. அவள் எழுந்து சாக்கை இன்னும் இறுக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு மட்டும் நெஞ்சு கல்லுன்னு நெனைக்காதிய. நானும் விடிய விடிய நின்னுக்கிட்டு செல்போனுக்கு ஸ்க்ரூ போடுதேன். கண்ணு சொக்கும்போது ஒண்ணு ரெண்டு லூசாத்தான் போவும். அத வாங்குனவன் செத்தா போனான்?"

"செல்போனு தலையில இடிஞ்சு விழாதுட்டி."

"ஆமா. நீங்க மட்டுந்தான் ஒலகத்தத் தாங்குதிய." சொல்லிவிட்டு அவளுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. குரலைத் தணித்துக்கொண்டாள். "அந்தக் கட்டடத்துல இது ஒண்ணா இருக்கப் போவுது? எத்தன டாம்பரு இருக்கும், எத்தன இன்ஜினியர் பாப்பாங்க. ஒண்ணு போனா இன்னொண்ணு தாங்கும். ரெண்டு வாரந்தான். லிஸ்டு வந்துரட்டும். பெறகு சொல்லுங்க."

"ரெண்டு வாரத்துல அது தூணுல ஏறிரும்."

"அப்ப சொல்லாதிய" என்றாள் இசக்கிசெல்வி. கையைக் கழுவிவிட்டு யூனிபாரம் கோட்டை மாட்டினாள். அவள் தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

சொல்லக் கூடாது என்றுதான் அவனும் முடிவு செய்தான். இரண்டு நாள்தானே, லாரி ஏறிவிட்டால் கை கழுவின மாதிரி. புதன்கிழமை ஷிப்ட் முடிந்து வந்து, அவளை எழுப்பாமல் வெளியே குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தான். முனியம்மாள் கொல்லை வாசலில் உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"இன்னா நைனா, ஒரு மாதிரியா கீற? வூட்ல சண்டையா?"

"இல்லம்மா. ஒடம்பு அசதி."

"ரெண்டு பேரும் மூஞ்சி பாத்துக்கினாத்தான சண்ட போடுறதுக்கு. ஒண்ணு வரச்சொல்ல ஒண்ணு போவுது." முனியம்மாள் காம்பைப் பின்னால் எறிந்தாள். "கொய்ந்த வந்துச்சின்னா எல்லாம் சரியாப்பூடும். எம் மாட்டக் கட்டிட்டு சும்மாதான குந்திகினு கீறேன். நான் பாத்துக்கிறன். இன்னா துன்னும் அது? இட்லி துன்னுமா?"

"துன்னும்மா" என்றான் வேல்ராஜ். அவளிடம் பேசும்போது அவனுக்கும் அந்தப் பேச்சு ஒட்டிக்கொள்ளும்.

அப்போது ஐஸ்வர்யா வந்தாள். முனியம்மாளின் ஒரே பெண், இன்ஜினியரிங் முடித்து வேல்ராஜின் கம்பெனியிலேயே குவாலிட்டியில் இருக்கிறாள். டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்து அவளுடையது. கம்பெனியில் அவளை மேடம் என்பான். வீட்டில் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல், ஒன்றரை வருஷமாக எதுவும் சொல்லாமலே சமாளித்துக்கொண்டிருந்தான். அவள் ஸ்கூட்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே குழாயடிக்கு வந்தாள். முனியம்மாள் கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"அண்ணா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. லிஸ்ட் டைப் ஆயிடுச்சு. உங்க பேரு மூணாவது."

வேல்ராஜ் சட்டையைப் பிழிந்துகொண்டே நின்றான்.

"என்னண்ணா, சந்தோஷமே இல்ல? மேனேஜர் ஜீவா சார் என்னைக் கூப்ட்டு கேட்டாரு, ஃபர்னஸ்ல இருக்கறவரு எப்டின்னு. நான் சொன்னேன், அவரு வச்ச லோடு ஒண்ணுகூட இதுவரைக்கும் ரிஜெக்ட் ஆனதில்ல சார், கண்ண மூடிக்கினு சைன் பண்ணலாம்னு."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். சட்டையைக் கல்மேல் போட்டான்.

"வெள்ளிக்கெழம வச்ச லோடு கெட்டுப்போச்சு மேடம்."

வீட்டில் வைத்து அவன் அவளை மேடம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் சிரிக்கப் போனாள். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். பூசையன்று செய்ததிலிருந்து திங்கட்கிழமை குச்சியைத் தள்ளினது வரை சொன்னான். சொல்லி முடிக்கும்வரை குழாய் திறந்தே கிடந்தது. அவள்தான் குனிந்து மூடினாள்.

"ஏண்ணா எங்கிட்ட சொன்னீங்க?"

"வேற யார்ட்ட சொல்ல?"

"சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரியாமயே போயிருக்கும். நான் பாட்டுக்கு இருந்திருப்பேன். இப்போ எனக்கும் தெரியும்." அவள் ஹெல்மெட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். "சாம்பிள கதவாண்ட மாட்றீங்கன்னு எனக்குத் தெரியாதா? நடுவுலதான் வைக்கணும்னு ஷீட்ல கீது. கை சுடும், போறாங்கன்னு நானும் விட்டுட்டேன். அந்த ரிப்போர்ட்ல கீழ யார் பேர் கீது? உங்க பேரா?"

"தப்பு என்னுதுதான் மேடம்."

"ஆமாண்ணா, உங்களுதுதான்" என்று சொல்லிவிட்டு ஐஸ்வர்யா உள்ளே போனாள். உள்ளே முனியம்மாள் காபி வேண்டுமா என்று கேட்பதும், இவள் வேண்டாம் என்பதும் கேட்டது.

அவள் விஷயத்தை மூடிவிடுவாள் என்றுதான் அவனுக்குத் தோன்றியது. உண்மையைச் சொன்னால், அப்படி மூடிவிட்டால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது. தான் சொல்லியாயிற்று, இனி அவள் பாடு. மனுஷ மனசு அவ்வளவுதான்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு அவள் உலைப் பக்கம் வந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தது. "அண்ணா, ஸ்பேனர் எடுத்துனு வாங்க" என்றாள். டெஸ்பாட்சில் போல்ட் போட்டு முடுக்கி வைத்திருந்த பெட்டியைத் திறந்தார்கள். பாலிஷ் போட்ட கம்பிகள் அறுபத்துநாலும் கல்யாணத்துக்கு வந்த பிள்ளைகள் மாதிரி பளபளவென்று படுத்திருந்தன. முனையில் எண் குத்தியிருக்கும். முப்பத்து மூன்றாம் எண் கம்பி நடுத்தட்டு. அவளே எடுத்து டெஸ்டிங் மெஷினில் இரண்டு பக்கமும் பல் கவ்வ வைத்தாள்.

மெஷின் இழுத்தது. திரையில் கோடு மேலே ஏறிச் சாய்ந்து நீளமாகப் போயிற்று. நல்ல கம்பிக்கு அப்புறம் கோடு கீழே இறங்கி, புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கும். இருநூறு தடவையாவது வேல்ராஜ் பார்த்திருக்கிறான். இந்தக் கோடு இறங்க ஆரம்பித்து, பாதி வழியிலேயே நின்றுவிட்டது. கம்பி நீண்டபடியே இருந்தது. அவள் இன்னும் இரண்டு கம்பிகளை மாட்டினாள். இரண்டும் அதே மாதிரி.

லைன் மேனேஜர் ஜீவானந்தம் வந்து திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"சாம்பிள் பாஸ்தான?"

"பாஸ் சார். கதவாண்ட மாட்டுன கம்பி அது."

"யாரு யாருக்குத் தெரியும்?"

கம்ப்ரஸர் ஓடி ஓய்ந்தது. ஐஸ்வர்யா அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"இவருக்குத் தெரியும். எனக்குத் தெரியும். இப்ப உங்களுக்கும் தெரியும் சார்."

ஜீவானந்தம் கெட்டவர் இல்லை. இருபது வருஷமாக டெஸ்பாட்ச் தேதிகளோடு மல்லுக்கட்டிக் களைத்துப் போன மனுஷன். ஒரு பெருமூச்சு விட்டு, பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து, சிவப்பு ரிஜெக்ட் டேக்கில் கையெழுத்துப் போட்டார். "மொத்தமும் தூக்கிடு. நல்லதுன்னு ஒண்ணுகூட பிரிக்காத. கஸ்டமருக்கு நான் பேசுறேன்" என்று சொல்லிவிட்டு போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

ஸ்கிராப்புக்குப் போகிற கம்பி தவறிக்கூடத் திரும்பி வரக் கூடாது என்று சிவப்புப் பெயின்ட் அடிப்பார்கள். அறுபத்துநாலுக்கும் வேல்ராஜ்தான் அடித்தான். மத்தியானம் வரை ஆயிற்று. போகிற வருகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருத்தனும் சபாஷ் சொல்லவில்லை, ஒருத்தனும் திட்டவும் இல்லை. மூணு மாச ஓவர்டைம் போச்சு என்று அசெம்பிளியில் யாரோ சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

சனிக்கிழமை ஜீவானந்தம் கூப்பிட்டு அனுப்பினார். உட்காரச் சொன்னார், அதிலேயே விஷயம் தெரிந்துவிட்டது.

"நீயா வந்து சொன்ன. அதனால வேலையை விட்டு எடுக்கக் கூடாதுன்னு நான் நின்னேன். அவ்வளவுதான் என்னால முடிஞ்சது. லிஸ்ட்ல பேரு இல்ல. அடுத்த வருஷம் பாப்போம்."

"சரி சார்."

"ஃபர்னஸும் வேணாம். பேக்கிங்ல போடுறேன். மூணு ஷிப்டும் சுத்தி வரும்."

"சரி சார்."

"இனிமே சாம்பிள் நடுத்தட்டுலதான். நீளக் கொக்கி ஒண்ணு அடிக்கச் சொல்லிட்டேன்" என்றார் ஜீவானந்தம். நாலு வருஷமாக அந்தக் கொக்கி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஐஸ்வர்யாவுக்கு மெமோ கொடுத்தார்கள். அன்று சாயங்காலம் அவன் ரூமுக்குப் போகிறபோது முனியம்மாள் வாசலை மறித்து நின்றாள்.

"யப்பா வேலு. நீ நல்லவனாவே இருந்துட்டுப் போ. எம் பொண்ண இன்னாத்துக்கு இதுல இசுத்துவுட்ட? படிச்சி வேலைக்குப் போயி ரெண்டு வருசம் ஆவல, அதுக்குள்ள மெமோவாம். நாளைக்கு இன்னொரு கம்பெனிக்காரன் கேட்டா இன்னா சொல்லுவா?"

"தப்புதாம்மா."

"வூட்ட காலி பண்ணுன்னு சொல்லல. அந்த மாரி ஆளு இல்ல நானு. ஆனா கொய்ந்தய நான் பாத்துக்குவன்னு மட்டும் நம்பிகினு இருக்காத. சொல்ட்டன்."

"அம்மா, உள்ள வா" என்று ஐஸ்வர்யா உள்ளிருந்து கத்தினாள். முனியம்மாள் போகவில்லை. அவன் ஓரமாக ஒதுங்கித் தன் ரூமுக்குப் போனான்.

இசக்கிசெல்வி அவன் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "சாப்பிடுதியளா?" என்று மட்டும் கேட்டாள். அழுதிருந்தால் தேற்றியிருப்பான், சண்டை போட்டிருந்தால் திருப்பிப் போட்டிருப்பான். இரண்டு நாள் அவள் சோறு பொங்கினாள், துணி மடித்தாள், அவன் பக்கம் முதுகைக் காட்டிப் படுத்தாள். ஞாயிற்றுக்கிழமை பரணில் எதையோ எடுக்கப் போய், கொஞ்ச நேரம் ஸ்டூல் மேலேயே நின்றுவிட்டு ஒன்றும் எடுக்காமல் இறங்கினாள். அவனுக்கு அவள் காலில் விழலாம் போல இருந்தது.

திங்கட்கிழமை ஷிப்ட் மாறியது. அவளுக்கு இரண்டாவது ஷிப்ட், ஒரு மணிக்கு பஸ். அவனுக்குப் பேக்கிங்கில் நைட். மத்தியானம் இரண்டு பேரும் வீட்டில் இருந்தார்கள். தூறல் விட்டு விட்டு விழுந்தது. தலை வாரிக்கொண்டிருந்தவள் சீப்பைக் கீழே வைத்துவிட்டு, "இன்னும் தள்ளிப்போட முடியாது. பிள்ளைட்ட சொல்லிருவோம்" என்றாள். அக்காவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். அது இருவருக்கும் நடுவில் பாயில் கிடந்தது.

"பாப்பா, சாப்பிட்டியா?"

"சாப்ட்டேன். முட்டை." கனிஷ்காவின் குரலுக்குப் பின்னால் கோழி கத்தியது.

"அம்மா ஒண்ணு சொல்லுவேன். நீ அழக் கூடாது. என்ன?"

"ம்."

"தீவாளிக்கு அம்மாவும் அப்பாவும் வருவோம். புதுச்சட்ட கொண்டாருவோம். ஆனா..." இசக்கிசெல்வி பாதியில் நிறுத்தினாள். வேல்ராஜ் போன் பக்கம் குனிந்தான். அவள் கையை நீட்டித் தடுத்தாள். "ஆனா இந்தத் தடவ ஒன்னயக் கூட்டிட்டு வர முடியாது தங்கம். அப்பாவுக்கு வேல மாறிப்போச்சு. நீ அங்கன பெரியம்மகிட்டயே இரு. கொஞ்ச நாளு. அம்மா பெறகு வந்து..."

"அப்பம் நா இங்கனயே இருக்கலாமா?"

"ஆமாம்மா. இப்போதைக்கு."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

"அய்!" போன் எங்கோ விழுந்தது. "பெரிம்மா! பெரிம்மா! நா போவாண்டாமாம்! நா இங்கனதானாம்!" சின்னக் கால்கள் ஓடுகிற சத்தம் கேட்டது. தெருவில் யாரிடமோ, அப்புறம் இன்னும் தள்ளி வேறு யாரிடமோ, அதே சேதியைக் கனிஷ்கா கூவிச் சொல்லிக்கொண்டே போனாள். இவ்வளவு சந்தோஷமாக அவள் கத்தி அவர்கள் இரண்டு பேரும் கேட்டதில்லை.

தங்கமாரி வந்து போனை எடுத்தாள். "ஏ செல்வி, இருக்கியா? அது சின்னப்புள்ள. வெவரம் தெரியாது. மனசுல வச்சுக்கிடாத."

"இல்லக்கா."

"பத்து நாளா அங்க போவ மாட்டேன்னு ஒரே அழுக. பெரிம்மாவும் வந்தாத்தான் வருவேங்கு. ஒங்கிட்ட எப்பிடிச் சொல்லன்னு தெரியாமக் கெடந்தேன்."

"சரிக்கா. பஸ்ஸுக்கு நேரமாச்சு. வைக்கேன்."

வைத்துவிட்டு மீதிப் பின்னலைப் பின்னி முடித்தாள். ரப்பர் போட்டாள். கண்ணாடியில் நெற்றிப் பொட்டைச் சரி செய்தாள். வேல்ராஜ் பாயிலேயே உட்கார்ந்திருந்தான்.

"செல்வி..."

"ஒங்கமேல கோவமாத்தான் இருந்தேன்" என்றாள் அவள், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே. "இந்த மனுசனாலதான எம்பிள்ள வரலைன்னு. ஆயுசுக்கும் அதையே சொல்லிக் காமிக்கலாம்னு நெனச்சேன். இப்ப அதுவும் இல்லாமப் போச்சு."

பஸ் ஹாரன் ரோட்டில் இரண்டு தடவை கேட்டது. ஆணியில் தொங்கிய அவளுடைய ஐடி கார்டை எடுத்து அவன் நீட்டினான். அவள் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, குடையை எடுக்காமல் தூறலில் நடந்தாள்.